நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துக்கு இரத்தக் குறிகாட்டி தேடுவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 13.5 லட்சம் பேர். நுரையீரல் தமனி உயர் அழுத்தம் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய 15 முதல் 50 பேருக்கு இருப்பதாக ஐரோப்பியப் பதிவேடுகள் சொல்கின்றன. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை மாவட்டம் முழுவதிலும் இந்த நோயோடு வாழ்பவர்கள் 20 முதல் 70 பேர் இருக்கலாம். இந்த நோய்க்கு இரத்தத்தில் குறிகாட்டி, அதாவது நோயின் இருப்பையோ போக்கையோ அளந்து காட்டும் பொருள், தேடப் புறப்படும் மாணவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய எண் இது. நோயாளிகள் இவ்வளவு குறைவு என்னும்போது, எடுக்கும் ஒவ்வொரு குழாய் இரத்தத்துக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். யாரிடம் எடுத்தோம், எந்த நேரத்தில் எடுத்தோம், யாரோடு ஒப்பிட்டோம் என்பதில் கோட்டைவிட்டால், பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் அளந்தாலும் அந்த ஆய்வு தேறாது.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இங்கேயே படித்து, இங்குள்ள மக்களின் நோயை இங்கிருந்தே ஆராயும் வாய்ப்பு இப்போது இருக்கிறது. மருத்துவ மாணவர்கள், உயிர்வேதியியல் படிப்பவர்கள், ஆய்வக நுட்பர்கள், செவிலியர்கள் என இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த நோய் என்பதை உறுதி செய்யுங்கள்

நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு தமனிகளின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, அதன் வழியே இரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயத்தின் வலது கீழறை திணறுவதுதான் இந்த நோய். நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடுவதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. மருத்துவ உலகம் அவற்றை ஐந்து தொகுதிகளாகப் பிரித்திருக்கிறது. நாம் பேசும் தமனி நோய் முதல் தொகுதி. இடப்பக்க இதய நோயால் வருவது இரண்டாவது. நுரையீரல் நோயாலும் ஆக்சிஜன் குறைவாலும் வருவது மூன்றாவது. பழைய இரத்தக்கட்டிகள் கரையாமல் அடைத்துக்கொள்வதால் வருவது நான்காவது. பல காரணங்கள் கலந்தது ஐந்தாவது.

நம் புறநோயாளிப் பிரிவில் வந்து உட்காருபவர்களில் பெரும்பாலோர் முதல் தொகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள், காசநோய் ஆறியும் நுரையீரலில் தழும்பு நின்றவர்கள், விறகடுப்புப் புகையில் பல்லாண்டு சமைத்தவர்கள் ஆகியோரே அதிகம் வருவார்கள். கேரளத்தில் சுமார் 2,000 நோயாளிகளைச் சேர்த்து உருவாக்கிய பதிவேட்டிலும் பாதிக்கு மேற்பட்டோர் இடப்பக்க இதய நோயால் அழுத்தம் கூடியவர்களே.

எக்கோ (இதயத்தின் ஒலி அலைப் படம்) பரிசோதனை சந்தேகத்தை எழுப்பும், உறுதி செய்யாது. சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்கம் வரை செலுத்திப் பார்க்கும் வலது இதய கதீட்டர் பரிசோதனையில் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல், ஆப்பு அழுத்தம் (இதயத்தின் இடப்பக்க அழுத்தத்தைக் காட்டுவது) 15 அல்லது அதற்குக் கீழ், இரத்தக்குழாய்த் தடை 2 வுட் அலகுக்கு (இந்தத் தடையை அளக்கும் அலகு) மேல் என்று மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். 2022 ஐரோப்பிய வழிகாட்டுதலின் வரையறை இது. பழைய கட்டுரைகளில் சராசரி அழுத்தத்தின் எல்லை 25 என்று இருக்கும். இரண்டு காலத்துக் கட்டுரைகளையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

ஆகவே, ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தை எழுதுவதற்கு முன்பே, கதீட்டர் பரிசோதனை எங்கே நடக்கும் என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 110 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து புறப்படுபவருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரப் பயணம் கூடும். உடன் ஒருவர் வர வேண்டும், ஒரு நாள் கூலி போகும். இந்தச் செலவு ஆய்வின் கணக்கில் இருக்க வேண்டும். நோயாளியின் மடியில் விழக் கூடாது.

இரண்டாம் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“இந்தப் புரதம் நோயாளிகளிடம் அதிகமா?” என்பது ஆய்வுக் கேள்வியே இல்லை. நோய் முற்றியவரை நல்ல உடல்நலம் உள்ளவரோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் பாதிப் பொருள்கள் மாறித்தான் தெரியும். குறிகாட்டியால் எந்த முடிவு மாறப்போகிறது என்று கேளுங்கள். நோய் இருக்கிறதா என்று கண்டறியவா? யாருடைய நிலை சீக்கிரம் மோசமாகும் என்று முன்கூட்டிச் சொல்லவா? மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவா? ஒவ்வொன்றுக்கும் ஆய்வின் வடிவம் வேறு, ஆட்கள் வேறு, கணக்கும் வேறு.

கிராமத்தில் முகாம் போட்டு எல்லோருக்கும் இரத்தம் எடுத்து இந்த நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நல்ல மனத்தோடு நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்கு. நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேரில் 50 பேருக்கு நோய் என்றால் 45 பேர் பிடிபடுவார்கள். கூடவே நோயே இல்லாத சுமார் ஒரு லட்சம் பேரும் பிடிபடுவார்கள். அவ்வளவு குடும்பங்களையும் கலங்க வைத்து மதுரைக்கு அனுப்ப முடியுமா? இதே சோதனையை, தோல் இறுகும் ஸ்க்லீரோடெர்மா நோயாளிகளிடம் செய்து பாருங்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. ஆயிரம் பேரில் நோயுள்ள 90 பேரும் இல்லாத 90 பேரும் பிடிபடுவார்கள். இரண்டில் ஒருவருக்கு நோய் உறுதியாகும் என்றால் மேற்கொண்டு கதீட்டர் வரை போவதில் பொருள் இருக்கிறது. சோதனை மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள்.

மூடப்படாத இதயத் துளையோடு வளர்ந்தவர்கள், கல்லீரல் நோயால் போர்ட்டல் சிரை அழுத்தம் கூடியவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், குடும்பத்தில் இந்த நோய் இருப்பவர்கள் ஆகியோரும் இப்படிக் கவனிக்க வேண்டிய குழுக்கள். மாவட்டத்துக்குள் செய்யக்கூடிய நேர்மையான ஆய்வு இவர்களிடமிருந்தே தொடங்கும்.

மூன்றாம் படி: எதை அளப்பது

என் கருத்தில் புதியவர், பி.என்.பி. என்ற இதய ஹார்மோனோடு சேர்ந்து உருவாகும் என்.டி.-புரோ.பி.என்.பி.யில் தொடங்குவதே நல்லது. புதுமையில்லாத பொருள் என்று தயங்க வேண்டாம். பி.என்.பி. 1988இல் ஜப்பானில் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதயக் கீழறைகளே அதன் முக்கிய ஊற்று என்பது பின்னர் தெரியவந்தது. கீழறையின் சுவர் இழுபடும்போது ஒரு முன்னோடிப் புரதம் இரண்டாக வெட்டுப்பட்டு, ஒரு துண்டு பி.என்.பி.யாகவும் மறு துண்டு என்.டி.-புரோ.பி.என்.பி.யாகவும் இரத்தத்தில் சேர்கின்றன. 2022 வழிகாட்டுதலின்படி, நோய் உறுதியானவர்களிடம் என்.டி.-புரோ.பி.என்.பி. லிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 1,100க்கு மேலே போனால் ஆபத்து மிக அதிகம். பி.என்.பி.க்கு அதே எல்லைகள் 50, 800. இவை நோயின் போக்கைக் கணிக்கும் எல்லைகள். நோய் இருக்கிறதா என்று தீர்மானிக்க இவற்றை எடுத்தாளக் கூடாது.

இதயம் திணறுகிறது என்று மட்டுமே இந்தப் பொருள் சொல்லும். ஏன் திணறுகிறது என்று சொல்லாது. வால்வு நோயிலும் கூடும், சிறுநீரகம் பழுதானாலும் கூடும், வயது ஏற ஏறக் கூடும். உடல் பருமன் உள்ளவர்களிடம் குறைந்து காட்டும். எனவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், எடை, உயரம், வயது, பாலினம் இல்லாமல் இந்த எண்ணைத் தனியாக எழுதி வைப்பதில் பயனில்லை.

இரத்தக்குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் என்ற பொருள் கற்றுத்தரும் பாடத்தையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் 1988இல் ஜப்பானில் கண்டறியப்பட்டதுதான். இந்த நோயில் அதன் பங்கு பெரியது. அதன் ஏற்பியைத் தடுக்கும் போசென்டான் மருந்துக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் இரத்தக் குறிகாட்டியாக அது நிலைபெறவில்லை. இரத்தக்குழாயின் உட்சுவர் அதைப் பெரும்பாலும் தசைப் பக்கமாகவே சுரக்கிறது. இரத்தத்தில் சேரும் சிறிதளவும் சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. நோயை உண்டாக்கும் பொருள் நல்ல குறிகாட்டியாகவும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஆஞ்சியோபொயட்டின்-2, ஜி.டி.எஃப்.-15, இன்டர்லூக்கின்-6, கேலக்டின்-3, எஸ்.டி.-2 போன்ற புரதங்களைப் பற்றி ஏராளமாகப் படிக்கக் கிடைக்கும். தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றிலும் இவற்றில் பல ஏறும் என்பதைப் படிக்கும்போதே ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு 1,100க்கு மேற்பட்ட புரதங்களை அளந்து ஒன்பது புரதங்களில் வந்து நின்றது. முடிவு சரிதானா என்று வேறொரு நாட்டு நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்தது. அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த அளவை முதல் ஆய்விலேயே எட்ட முயல வேண்டாம்.

செலவில்லாத இரண்டு குறிகாட்டிகள் நம் கைவசமே இருக்கின்றன. ஒன்று, சாதாரண இரத்த எண்ணிக்கை அறிக்கையிலேயே வரும் சிவப்பணு அளவுப் பரவல். இரும்புச்சத்துக் குறைவில் அதுவும் கூடும். இங்கே பெண்களிடம் இரத்தசோகை பரவலாக இருப்பதால் உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்து அளக்காமல் அதை நம்ப முடியாது. இன்னொன்று யூரிக் அமிலம். ஸ்க்லீரோடெர்மா நோயாளிகளில் யாரைக் கதீட்டருக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் ‘டிடெக்ட்’ முறையில் என்.டி.-புரோ.பி.என்.பி.யோடு யூரிக் அமிலமும் இடம்பெற்றிருக்கிறது. நம் கடற்கரையில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. சாளையும் நெத்திலியும் அவற்றின் கருவாடும் யூரிக் அமிலத்தை ஏற்றுபவை. வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினாலும் ஏறும். கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் நீர்போக்கி மாத்திரையாலும் ஏறும். உள்நாட்டு ஊர்க்காரர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொண்டு பாம்பன் மீனவர்களிடம் யூரிக் அமிலம் அதிகம் என்று எழுதினால், நீங்கள் அளந்தது நோயையா, சாப்பாட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. குடல் நுண்ணுயிர்களோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கடல் மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் அது இரத்தத்தில் பல மடங்கு உயரும். முந்தைய நாள் என்ன சாப்பிட்டார் என்ற கேள்வி உங்கள் படிவத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

நான்காம் படி: இரத்தம் எடுக்கும் நேரமும் இடமும்

ஆய்வுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். இங்கே பொறுமையாக இருங்கள்.

மீனவர்களை விடியற்காலையில் கரையில் பிடிப்பது எளிது என்று தோன்றும். அப்போது எடுக்காதீர்கள். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வந்தவர் இரத்தத்தில் என்.டி.-புரோ.பி.என்.பி.யும் இதயத் தசைப் புரதமான ட்ரோபோனினும் உழைப்பாலேயே கூடியிருக்கும். ஓய்வு நாளில் வரச் சொல்லி, கால் மணி நேரம் உட்கார வைத்து, பிறகு எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பார்கள். மறுபரிசோதனைகளை அந்த 61 நாள்களுக்குள் வைத்தால் வருகை நன்றாக இருக்கும். கையில் காசில்லாத காலமும் அதுதான் என்பதால் பயணப்படியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கீழக்கரை, தேவிபட்டினம் போன்ற ஊர்களில் நோன்பு மாதம் வந்தால், கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது தண்ணீர் குடித்தார் என்று குறித்து வையுங்கள். எல்லோருக்கும் காலை ஒரே நேரம், ஒரே நிலையில் உட்கார்ந்தபடி எடுப்பது இன்னும் நல்லது.

மூச்சுத் திணறலைப் பற்றிக் கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களிடம் “மாடிப்படி ஏற முடிகிறதா?” என்று கேட்டுப் பயனில்லை, பலர் வீட்டில் மாடியே இருக்காது. முன்பு போல மூச்சைப் பிடித்து முங்க முடிகிறதா, தண்ணீர்க் குடத்தோடு மணலில் நடக்கும்போது நிற்க வேண்டியிருக்கிறதா, மற்றவர்களோடு சேர்ந்து வள்ளம் தள்ளும்போது மயக்கம் வருகிறதா என்று கேளுங்கள். ஆறு நிமிட நடைத் தூரத்தையும் அளந்து வையுங்கள். குறிகாட்டியின் எண்ணுக்குப் பொருள் கொடுப்பவை இந்தப் பதில்கள்.

குழாய்களுக்கு வருவோம். பி.என்.பி.க்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. கலந்த பிளாஸ்டிக் குழாய் வேண்டும். கண்ணாடியில் அது சிதையும். சில மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். என்.டி.-புரோ.பி.என்.பி. உறுதியானது, அறை வெப்பத்தில் ஒரு நாளைத் தாங்கும். தொலைவான ஊர்களிலிருந்து மாதிரி கொண்டுவரும் நமக்கு இதுவும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். வி.இ.ஜி.எஃப். (இரத்தக்குழாய் வளர்ச்சிப் புரதம்) போன்றவற்றை உறைந்த இரத்தத்தின் சீரத்தில் அளக்காதீர்கள். உறையும்போது தட்டணுக்களிலிருந்து கொட்டுவதைத்தான் அளப்பீர்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சிறு மரபுத் துணுக்குகளைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஹெபாரின் குழாய் வேண்டாம், அவற்றைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். முறையை அது தடுக்கும். சிவப்பணு உடைந்து இளஞ்சிவப்பாகத் தெரியும் பிளாஸ்மாவையும் ஒதுக்கிவிடுங்கள்.

சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்று எழுதுவது போதாது. ஈர்ப்பு மடங்கைக் கணக்கிட்டு எழுத வேண்டும். சுழலும் தலையின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, சுழற்சியின் இருமடியால் பெருக்கி, அதை 0.00001118ஆல் பெருக்குங்கள். ஆரம் 10 சென்டிமீட்டர், சுழற்சி 3,500 என்றால் ஏறத்தாழ 1,370 மடங்கு வரும். அதே 3,500இல் வேறொரு கருவி வேறு விசை கொடுக்கும். இரண்டு மருத்துவமனைகளில் மாதிரி எடுப்பவர்களுக்கு இந்தச் சிறு கணக்கு மிக முக்கியம்.

பிரித்த பிளாஸ்மாவை அரை மில்லிலிட்டர் வீதம் பல சிறு குழாய்களில் போட்டு, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாயை ஒரு முறைதான் உருக்க வேண்டும். மின்சாரம் போனால் எந்த ஜெனரேட்டர், யார் பொறுப்பு, இரவில் யாருக்கு அழைப்பு போகும் என்று ஃப்ரீசரின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். மீனுக்குப் போடும் ஐஸ் எல்லா ஊரிலும் கிடைக்கிறது என்பதற்காக உறைந்த மாதிரியை அதில் வைத்து அனுப்பாதீர்கள். அது பூஜ்ஜியம் டிகிரி. பாதி வழியிலேயே மாதிரி உருகிவிடும். உலர்பனிக்கட்டி வேண்டும்.

ஐந்தாம் படி: யாரோடு ஒப்பிடுவது, எப்படி அளப்பது

விடுதியில் இருக்கும் இருபது வயது மாணவர்களின் இரத்தம் சுலபமாகக் கிடைக்கும். அவர்கள் சரியான ஒப்பீட்டுக் குழு அல்ல. அதே மூச்சிரைப்போடு வந்து, பரிசோதனையில் இந்த நோய் இல்லை என்று தெளிவானவர்களே சரியான ஒப்பீடு. மருத்துவர் குழம்புவது அவர்கள் விஷயத்தில்தான். குறிகாட்டி உதவ வேண்டிய இடமும் அதுவே.

புரதங்களை அளக்கும் எலைசா சோதனைத் தட்டில் 96 குழிகள். நோயாளிகளை ஒரு தட்டிலும் மற்றவர்களை இன்னொரு தட்டிலும் வைத்தால், தட்டுக்குத் தட்டு இருக்கும் வித்தியாசம் நோயின் வித்தியாசம் போலவே தெரியும். இருவரையும் கலந்து, குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கி, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் வையுங்கள். அளப்பவருக்கு எது யாருடையது என்று தெரியக் கூடாது. முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்களிடம் சில கருவிகள் தவறான எண்ணைக் காட்டும். அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்த எண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து பரவியிருக்கும், எனவே மடக்கை எடுத்துக் கணக்கிடுங்கள். உங்கள் தரவுக்கு அழகாகப் பொருந்தும் எல்லையை நீங்களே தேர்ந்தெடுத்து, அதன் வெற்றியை அதே தரவில் காட்டாதீர்கள். 12 பேர் இறந்த ஆய்வில் ஆறு காரணிகளை ஒரே சமன்பாட்டில் போட முடியாது. ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வுகளாவது வேண்டும் என்பது பழைய தோராய விதி. புதிய குறிகாட்டி எதுவாக இருந்தாலும், என்.டி.-புரோ.பி.என்.பி. ஏற்கெனவே சொல்வதற்கு மேல் அது என்ன சொல்கிறது என்று காட்ட வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் தடுக்கி விழுவது இந்தக் கேள்வியில்தான்.

ஆறாம் படி: அனுமதியும் கடமையும்

கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒரு சொட்டு இரத்தமும் எடுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளை முழுதாகப் படியுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும். எஞ்சிய மாதிரியைப் பின்னாளில் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்தோடு கூட்டு என்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டியிருக்கும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

அரிய நோய் என்பதால் பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறையாது. “தங்கச்சிமடம், 34 வயது, மீனவப் பெண்” என்று அட்டவணையில் எழுதினால் ஊரே கண்டுகொள்ளும். கல்யாணப் பேச்சு வரை அது போய் நிற்கும். ஊரை விட்டுவிட்டு மாவட்டத்தையும், வயதைப் பத்தாண்டு வரம்பாகவும் மட்டும் எழுதுங்கள்.

என்.டி.-புரோ.பி.என்.பி., ஹீமோகுளோபின், கிரியேட்டினின் முடிவுகளைத் தமிழில் எழுதி அவரவர் கையில் கொடுங்கள். ஆய்வுக்காக மட்டும் அளந்த, பொருள் இன்னும் தெளிவாகாத புரத எண்களைக் கொடுத்து யாரையும் குழப்ப வேண்டாம். எண் அதிகமாக வந்தவருக்கு அந்த வாரத்துக்குள் எக்கோ எடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும்; எந்த மருத்துவர் பார்ப்பார் என்பது முதல் நாளே தீர்மானமாகி இருக்க வேண்டும். நோய் உறுதியான இளம்பெண்களிடம், இந்த நோயில் கருத்தரிப்பு உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதை ஒரு பெண் மருத்துவர் தனியாக உட்கார்ந்து, குடும்பத்தார் முன்னிலையில் அல்லாமல், நேரம் கொடுத்துப் பேச வேண்டும். அந்த உரையாடலுக்கான நேரத்தையும் ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதி, நெறிமுறைக் குழுவிடம் சேர்த்தே சமர்ப்பியுங்கள்.